மருத்துவச்சி பொறுப்பில் திட்டமிட்ட வீட்டுப் பிரசவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எதைத் திட்டமிட்ட வீட்டுப் பிரசவம் என்கிறோம்?

மூன்று விஷயங்கள் ஒன்றாக இருக்க வேண்டும். கர்ப்பகாலம் முழுக்கப் பரிசோதனை நடந்து, சிக்கலுக்கு வாய்ப்புக் குறைவு என்று உறுதியாகியிருக்க வேண்டும். முறையாகப் படித்துப் பதிவு பெற்ற மருத்துவச்சி மருந்தோடும் கருவிகளோடும் பக்கத்தில் இருக்க வேண்டும். நிலைமை மாறினால் எந்த மருத்துவமனைக்கு, எந்த வண்டியில், யாரிடம் சொல்லிவிட்டுப் போவது என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் குழந்தை பிறந்துவிடுவது இதில் சேராது. யாருமே இல்லாமல் வீடியோ பார்த்துச் செய்வதும் சேராது. நூறு பிரசவம் பார்த்த கை என்றாலும், கர்ப்பப்பையைச் சுருக்கி இரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசியும், குழந்தைக்கு மூச்சு ஊதும் ஆம்பு பேக்கும் இல்லாதவர் பார்ப்பதும் சேராது. கீழே வரும் புள்ளிவிவரங்களில் எதையும் அவற்றுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

நேராகச் சொல்லுங்கள், இது பாதுகாப்பானதா?

முதல் பிரசவமா இல்லையா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். இதை மிகத் தெளிவாகக் காட்டியது இங்கிலாந்தில் 2008 முதல் 2010 வரை நடந்து 2011-ல் வெளியான 'பர்த்பிளேஸ்' ஆய்வு. சிக்கல் வாய்ப்புக் குறைந்த 64,538 பெண்களை அது பின்தொடர்ந்தது. பிரசவ நேரத்தில் குழந்தை இறப்பது, பிறந்த முதல் வாரத்தில் இறப்பது, மூச்சுத்திணறலால் மூளை பாதிப்பது, மலம் கலந்த நீரை உறிஞ்சி நுரையீரல் பாதிப்பது, தோள் நரம்புக் காயம், எலும்பு முறிவு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கணக்காக எடுத்தார்கள். ஏற்கெனவே குழந்தை பெற்றவர்களுக்கு வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. முதல் பிரசவத்தில் இருந்தது: மருத்துவர் தலைமையிலான பிரிவில் 1,000-க்கு 5.3, வீட்டில் 9.3.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்பதும் உண்மை, வீட்டைத் தேர்ந்தெடுத்த 1,000 தலைப்பிரசவங்களில் 990-க்கு மேல் இந்தப் பாதிப்பு எதுவும் இல்லை என்பதும் உண்மை. எதற்கு எடை கொடுப்பது என்பது குடும்பத்தின் முடிவு. ஆனால் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கிற ஆலோசகரை நம்ப வேண்டாம்.

தாயின் பக்கம் கணக்கு வேறு. அதே ஆய்வில், மருத்துவர் பிரிவைத் தேர்ந்தெடுத்தவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்கு சிசேரியன் ஆனது. வீட்டைத் தேர்ந்தெடுத்தவர்களில் 3 சதவீதத்துக்கும் குறைவு. ஆயுதம் போட்டு எடுப்பதும் பிறப்புவாயை வெட்டித் தையல் போடுவதும் வீட்டுப் பக்கம் குறைவாகவே இருந்தன. வீட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் இயல்பிலேயே தலையீடு வேண்டாம் என்று நினைப்பவர்கள் என்பதும் இதில் ஒரு பங்கு.

ஒரு ஆய்வு நல்லது என்கிறது, இன்னொன்று ஆபத்து என்கிறது. எதை நம்புவது?

பெரும்பாலும் இரண்டும் சரிதான். அவை அளந்தது வேறு வேறு ஏற்பாடுகளை.

நெதர்லாந்தில் 5,29,688 பெண்களை வைத்து 2009-ல் வெளியான ஆய்வில், வீடு என்று திட்டமிட்டவர்களுக்கும் மருத்துவமனை என்று திட்டமிட்டவர்களுக்கும் குழந்தை இறப்பில் வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலிருந்து வந்த ஆய்விலும் இப்படித்தான்: பிறப்பை ஒட்டிய குழந்தை இறப்பு, வீட்டில் மருத்துவச்சி பார்த்தபோது 1,000-க்கு 0.35, அதே மருத்துவச்சிகள் மருத்துவமனையில் பார்த்தபோது 0.57, மருத்துவர்கள் பார்த்தபோது 0.64. இந்த இரண்டு இடங்களிலும் மருத்துவச்சி பொதுச் சுகாதார அமைப்பின் அங்கம். யாரை வீட்டில் பார்க்கலாம், எப்போது மருத்துவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதற்கு எழுத்து வடிவில் பட்டியல் உண்டு. மருத்துவமனை வாசலில் அவரை யாரும் எதிரியாகப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2012, 2013 ஆண்டுகளின் பிறப்புகளைப் பார்த்தபோது, மருத்துவமனைக்கு வெளியே என்று திட்டமிட்டவற்றில் 1,000-க்கு 3.9 குழந்தை இறப்பு, மருத்துவமனையில் 1.8. அங்கே அப்போது சில வகை மருத்துவச்சிகளுக்கு உரிமம்கூடக் கட்டாயமில்லை.

எண்ணுகிற முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. வீட்டில் வலி தொடங்கி, சிக்கலாகி, மருத்துவமனைக்கு ஓடி அங்கே குழந்தை இறந்தால், சாதாரணப் பதிவில் அது 'மருத்துவமனை இறப்பு' ஆகிவிடும். வீட்டுக் கணக்கு சுத்தமாகத் தெரியும். ஓரிகன் 2012 முதல் பிறப்புச் சான்றிதழிலேயே 'முதலில் எங்கே திட்டமிட்டீர்கள்' என்று கேட்டதால்தான் அந்த ஆய்வு சாத்தியமானது. எந்தப் புள்ளிவிவரத்தைக் காட்டினாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: வலி தொடங்கியபோது எங்கே பெறத் திட்டமிட்டிருந்தார்களோ அதன்படி எண்ணினார்களா, குழந்தை வெளியே வந்த இடத்தின்படி எண்ணினார்களா?

யாருக்கு ஏற்றது?

ஒரே குழந்தை, தலை கீழே, கர்ப்பம் 37 வாரம் முடிந்து 42 வாரத்துக்குள், வலி தானாக வந்திருக்கிறது, தாய்க்குப் பெரிய நோய் இல்லை, முன் பிரசவங்களில் பெரிய சிக்கல் இல்லை. இவ்வளவும் பொருந்தினால் யோசிக்கலாம். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் 'நைஸ்' அமைப்பின் வழிகாட்டுதல், ஏற்கெனவே சுகப்பிரசவம் ஆன, சிக்கல் வாய்ப்புக் குறைந்த பெண்களுக்கு வீடு குறிப்பாகப் பொருத்தமானது என்கிறது. முதல் பிரசவம் என்றால் குழந்தைக்கு ஆபத்து சற்றுக் கூடும் என்பதையும் அதுவே சொல்கிறது.

யாருக்குக் கூடாது?

இரட்டைக் குழந்தை, பிட்டம் கீழே அல்லது குறுக்கே கிடக்கும் குழந்தை, நஞ்சு (நஞ்சுக்கொடி) கர்ப்பப்பை வாயை மூடியிருப்பது, இரத்தக் கொதிப்பு, கர்ப்பகால வலிப்புநோய் அறிகுறி, மருந்து தேவைப்படும் சர்க்கரை நோய், இதய நோய், கட்டுக்குள் இல்லாத வலிப்பு, குழந்தை வளர்ச்சிக் குறைவு, பனிக்குட நீர் மிகக் குறைவு அல்லது மிக அதிகம், குறைமாதம். முன் பிரசவத்தில் நஞ்சைக் கையால் எடுக்க நேர்ந்திருந்தாலோ, இரத்தம் ஏற்றும் அளவுக்குப் போக்கு இருந்திருந்தாலோ, தோள் சிக்கியிருந்தாலோ வீடு வேண்டாம்.

ஹீமோகுளோபினைத் தனியாகச் சொல்ல வேண்டும். 8.5 கிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவமனைதான். 8.5-க்கும் 10.5-க்கும் இடையில் இருந்தால் மருத்துவரோடு கலந்து முடிவு செய்ய வேண்டும். இரத்தச்சோகை இருப்பவர் உடம்பு, மற்றவர் தாங்கும் அதே 500 மி.லி. இழப்பைத் தாங்காது, ஆம்புலன்ஸ் வருவதற்குள் நிலை குலைந்துவிடும். 36-வது வாரத்தில் ஒரு முறை மீண்டும் பார்க்காமல் யாரும் வீட்டுப் பிரசவத்துக்குச் சம்மதிக்கக் கூடாது.

முதல் குழந்தை சிசேரியன். இரண்டாவதை வீட்டில் பெறலாமா?

வேண்டாம் என்பதே எங்கள் பதில். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியும் 2017 வழிகாட்டுதலில், முந்தைய சிசேரியனை இரட்டைக் குழந்தை, தலை கீழே இல்லாத நிலை ஆகியவற்றோடு சேர்த்து முற்றிலும் விலக்க வேண்டியவை என்றே வைத்திருக்கிறது. சிசேரியனுக்குப் பின் சுகப்பிரசவத்துக்கு முயல்வது தவறில்லை. பலருக்கும் அது நல்லபடியாகவே முடிகிறது. ஆனால் சுமார் 200-ல் ஒருவருக்குப் பழைய தையல் விட்டுவிடும். விட்டால் குழந்தைக்கு இருப்பது நிமிடக் கணக்கு. அறுவை அரங்கம் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும்.

மருத்துவச்சியின் தகுதியை எப்படித் தெரிந்துகொள்வது?

சர்வதேச மருத்துவச்சிகள் கூட்டமைப்பின் தரப்படி, நேரடியாகச் சேருபவருக்குக் குறைந்தது 3 ஆண்டுப் படிப்பு, ஏற்கெனவே செவிலியர் என்றால் குறைந்தது 18 மாதப் படிப்பு. உங்கள் நாட்டுப் பதிவுக் குழுமத்தில் அவர் பெயர் நடப்பில் இருக்கிறதா, வீட்டில் பிரசவம் பார்க்கச் சட்டம் அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிரசவத்துக்குத் துணையிருக்கும் 'டூலா' மருத்துவச்சி அல்ல. ஆறுதல் சொல்வார், முதுகு நீவுவார். மருத்துவப் பொறுப்பு அவருடையதல்ல.

பிறகு நேரில் கேளுங்கள். பச்சிளங்குழந்தை உயிர்ப்பிப்புப் பயிற்சியைக் கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள்? கடந்த ஆண்டு எத்தனை பேரை மருத்துவமனைக்கு அனுப்பினீர்கள்? இரத்தப்போக்கு 1,000 மி.லி. தாண்டியது எத்தனை பேருக்கு? குழந்தைக்கு மூச்சு ஊதும்படி ஆனது எத்தனை முறை? அந்த நேரத்தில் இன்னொருவருக்கும் வலி வந்தால் யார் வருவார்?

'நான் யாரையும் மருத்துவமனைக்கு அனுப்பியதே இல்லை' என்று பெருமையாகச் சொல்பவரிடமிருந்து விலகுங்கள். பர்த்பிளேஸ் ஆய்வில் வீட்டில் தொடங்கிய முதல் பிரசவங்களில் 45 சதவீதமும், அடுத்த பிரசவங்களில் 12 சதவீதமும் பிரசவத்தின்போதோ பிறந்த உடனேயோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டன. பூஜ்யம் என்றால் அவர் வெகு சிலரையே பார்த்திருக்கிறார், அல்லது அனுப்ப வேண்டியவரை அனுப்பவில்லை.

ஏன் இரண்டு பேர் வர வேண்டும்?

குழந்தை பிறந்த நொடியிலிருந்து நோயாளிகள் இரண்டு பேர். தாய்க்கு இரத்தம் கொட்டுகிறது, குழந்தை மூச்சு விடவில்லை என்ற இரண்டும் ஒரே நேரத்தில் வரலாம். முதல் மருத்துவச்சி வலி தொடங்கியதும் வருவார். இரண்டாமவர் முக்கும் கட்டத்துக்கு முன்பாவது வந்துவிட வேண்டும். அவரும் குழந்தைக்கு மூச்சு ஊதத் தெரிந்தவராக இருக்க வேண்டும். வீட்டார் யாராவது பிடித்துக்கொள்வார்கள் என்பது ஏற்பாடு ஆகாது.

அவர் பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

இதைத் திறந்து காட்டச் சொல்லலாம். நல்ல மருத்துவச்சி தயங்க மாட்டார்.

இதயத்துடிப்பு கேட்கும் டாப்ளர், கூடவே மின்கலம் தீர்ந்தாலும் உதவும் சாதாரணக் குழல். இரத்த அழுத்தக் கருவி, வெப்பமானி, ஆக்சிமீட்டர். குழந்தைக்கான ஆம்பு பேக், நிறைமாதக் குழந்தைக்குப் பொருந்தும் இரண்டு அளவு மாஸ்க், சளி உறிஞ்சும் கருவி. பெரியவர் மாஸ்க்கோடு ஆக்சிஜன். நரம்பில் போடும் பெரிய துளை ஊசிக்குழல் (வென்ஃப்ளான்), அதில் ஏற்ற ஒரு லிட்டர் சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட், சிறுநீர்க் குழாய். கிருமி நீக்கிய கத்தரி, தொப்புள்கொடிக் கவ்வி, தையல் பொருட்கள், மரத்துப்போகும் ஊசி, கையுறை. இரத்தத் துணிகளை எடை போட ஒரு சிறிய தராசு.

மருந்தில் கர்ப்பப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசின், எர்கோமெட்ரின், மிசோபிராஸ்டால், இரத்தம் உறைய உதவும் டிரானெக்சாமிக் அமிலம், குழந்தைக்கு வைட்டமின் கே. இவற்றில் அடிக்கடி கோட்டை விடுவது ஆக்சிடோசினில்தான். அதை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். வெயிலில் காரில் கிடந்த ஆம்பூல் பார்க்க அப்படியே இருக்கும், கர்ப்பப்பை மட்டும் சுருங்காது. குளிர்ப் பெட்டியில் கொண்டுவருகிறாரா, வீட்டுக்கு வந்ததும் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றுகிறாரா என்று கவனியுங்கள். இரத்தப்போக்கைத் தடுக்க, வெப்பம் தாங்கும் கார்பெடோசினை உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. கிடைக்கிற இடத்தில் அது நல்ல மாற்று.

மானிட்டர் இல்லாமல் குழந்தை நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

காதால் கேட்டு. வலி சீராகத் தொடங்கிய பிறகு 15 நிமிடத்துக்கு ஒரு முறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் ஒரு வலி முடிந்த உடனே, குறைந்தது ஒரு முழு நிமிடம் கேட்க வேண்டும். வலி முடிந்ததும் கேட்பதற்குக் காரணம் உண்டு: நஞ்சு திணறுகிறதென்றால் துடிப்பு இறங்குவதும் மீள நேரமெடுப்பதும் அப்போதுதான் பிடிபடும். 110 முதல் 160 வரை இயல்பு. தாயின் நாடியையும் கூடவே பிடித்துப் பார்க்க வேண்டும். தாயின் துடிப்பையே குழந்தையுடையது என்று எண்ணி ஏமாறுவது தெரிந்தவர்களுக்கும் நேரும் பிழை.

தாய்க்கு நாடி மணிக்கு ஒரு முறை, இரத்த அழுத்தமும் காய்ச்சலும் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை, வலியின் எண்ணிக்கை அரை மணிக்கு ஒரு முறை. எல்லாம் நேரத்தோடு தாளில் ஏற வேண்டும். 'எல்லாம் நார்மல்' என்று ஒரே வரியில் முடிகிற பதிவேடு பதிவேடே அல்ல.

வயிற்றில் பெல்ட் கட்டித் தொடர்ந்து பதியும் சிடிஜி, பிறந்த குழந்தைக்கு வரும் வலிப்பைக் குறைக்கிறது. ஆனால் இறப்பையோ மூளைவாதத்தையோ குறைத்ததாகக் காட்டப்படவில்லை, சிசேரியனைக் கூட்டுகிறது. அதனால்தான் சிக்கல் வாய்ப்புக் குறைந்தவர்களுக்கு மருத்துவமனையிலும் காதால் கேட்பதையே பரிந்துரைக்கிறார்கள். முறையாகக் கேட்டால் மட்டும்.

எப்போது மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்?

நைஸ் தரும் எல்லைகள் நடைமுறைக்கு ஏற்றவை:

- குழந்தையின் துடிப்பு 110-க்குக் கீழ் அல்லது 160-க்கு மேல், அல்லது வலிக்குப் பின் இறங்குவது.
- இரத்த அழுத்தம் ஒரே முறை 160/110, அல்லது அரை மணி இடைவெளியில் இரண்டு முறை 140/90.
- தாயின் நாடி அரை மணி இடைவெளியில் இரண்டு முறை 120-க்கு மேல்.
- காய்ச்சல் ஒரு முறை 38 டிகிரி, அல்லது ஒரு மணி இடைவெளியில் இரண்டு முறை 37.5.
- பனிக்குட நீரில் கெட்டியான கரும்பச்சை மலம்.
- பனிக்குடம் உடைந்து 24 மணி நேரமாகியும் வலி பிடிக்காதது.
- இயல்பான கறைக்கு மேல் இரத்தம்.

கர்ப்பப்பை வாய் 4 மணி நேரத்தில் 2 செ.மீ.கூடத் திறக்காவிட்டாலும் கிளம்ப வேண்டியிருக்கும். முக்கத் தொடங்கி முதல் பிரசவத்தில் 2 மணி, அடுத்த பிரசவத்தில் 1 மணி ஆகியும் குழந்தை வராவிட்டாலும் அப்படித்தான். நஞ்சு, ஊசி போட்டிருந்தால் 30 நிமிடத்தில், போடாவிட்டால் 60 நிமிடத்தில் விழ வேண்டும். ஆசனவாய்த் தசை வரை கிழிந்திருந்தால் அந்தத் தையல் வீட்டில் போடக்கூடியதல்ல.

மாற்றங்களில் பெரும்பகுதி பதற்றமில்லாதவை: வலி இழுக்கிறது, தாய் களைத்துவிட்டார், முதுகில் ஊசி வேண்டும் என்கிறார். அதைத் தோல்வியாக எண்ணி இழுத்தடிப்பதே உண்மையான அவசரத்தை உண்டாக்குகிறது.

மருத்துவமனை எவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும்?

கிலோமீட்டரை விடுங்கள், நிமிடத்தைக் கணக்கிடுங்கள். வண்டியைக் கூப்பிட்டு அது வர ஆகும் நேரம், தாயை மாடியிலிருந்து இறக்கும் நேரம், நெரிசல் வேளையில் பயணம், அங்கே பதிவு, மருத்துவர் பார்த்து அரங்கத்துக்குள் போவது. பத்து நிமிடப் பயணம் என்று நினைத்தது ஒரு மணி நேரமாவது இப்படித்தான். நெதர்லாந்தில் நிறைமாதப் பெண்களைப் பற்றிய 2011 ஆய்வில், வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு 20 நிமிடத்துக்கு மேல் பயணம் என்றபோது குழந்தைக்கான ஆபத்து கூடியது. அந்த ஊர்ச் சாலைகளிலேயே அப்படி.

மருத்துவமனையில் 24 மணி நேரமும் சிசேரியன் வசதி, இரத்த வங்கி, பச்சிளங்குழந்தைப் பிரிவு மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். 36-வது வாரத்துக்குள் அங்கே பெயரைப் பதிந்து, இரத்த வகையைத் தெரிவித்துவிடுங்கள். நள்ளிரவிலும் ஒரு முறை வழியைப் போய்ப் பார்ப்பது நல்லது; பூட்டிய வாசல் எது என்பது பகலில் தெரியாது.

இரத்தப்போக்கு வந்தால் வீட்டில் என்ன செய்ய முடியும்?

முதல் கட்டம் முழுவதையும் செய்ய முடியும். தடுப்பு, குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தொடையில் 10 யூனிட் ஆக்சிடோசின். பிறகு அளவு. கண்ணால் பார்த்துச் சொல்வது எப்போதும் குறைவாகவே வரும். விரிப்பையும் துணியையும் எடை போட்டு, உலர்ந்த எடையைக் கழித்தால் ஒரு கிராமுக்கு ஒரு மி.லி. என்று கணக்கு. தண்ணீர்த் தொட்டிக்குள் கலந்த இரத்தத்தை மதிப்பிடவே முடியாது, அதனால் நஞ்சு விழும் முன் வெளியே வரச் சொல்வோம்.

500 மி.லி. தொட்டால் இரத்தப்போக்கு. 300-ஐத் தாண்டும்போதே நாடி ஏறினாலோ அழுத்தம் இறங்கினாலோ காத்திருக்கக் கூடாது. ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்க, மற்றவர் தொப்புளுக்குக் கீழே கர்ப்பப்பையைப் பிடித்துக் கெட்டியாகும்வரை தேய்க்க வேண்டும். குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்துவிட வேண்டும். நிரம்பிய சிறுநீர்ப்பை கர்ப்பப்பையைச் சுருங்க விடாது. மீண்டும் ஆக்சிடோசின். இரத்தக் கொதிப்பு இல்லாதவர் என்றால் எர்கோமெட்ரின். அல்லது நாக்கின் கீழ் மிசோபிராஸ்டால் 800 மைக்ரோகிராம். டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், நரம்பு வழியாகப் பத்து நிமிடத்தில் மெதுவாக. பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன்; 20,060 பெண்களிடம் நடந்து 2017-ல் வெளியான 'வுமன்' ஆய்வில், அப்படிக் கொடுத்தபோது இரத்தப்போக்கால் இறப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நஞ்சு முழுதாக வந்ததா, கிழிசலிலிருந்து வடிகிறதா என்று கூடவே பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் ஒரு கை உள்ளே, ஒரு கை வயிற்றின் மேல் வைத்துக் கர்ப்பப்பையை நடுவில் அழுத்தியபடியே வண்டியில் ஏற வேண்டும்.

இரத்தம் ஏற்றுவதும் அறுவையும் வீட்டில் இல்லை. இத்தனையும் அங்கே போய்ச் சேரும்வரை நேரம் வாங்கிக்கொள்ளத்தான்.

குழந்தை அழவில்லை என்றால்?

நிறைமாதக் குழந்தைகளில் சுமார் 85 சதவீதம் தானாக மூச்சு விடும், இன்னும் 10 சதவீதம் துடைத்து முதுகைத் தேய்த்ததும் விடும், சுமார் 5 சதவீதத்துக்கு மூச்சு ஊத வேண்டிவரும். எந்தக் குழந்தை அந்த ஐந்தில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

துடைத்து, ஈரத் துணியை மாற்றி, தட்டையான இடத்தில் கிடத்தி, ஒரு நிமிடத்துக்குள் ஆம்பு பேக்கை எடுத்துவிட வேண்டும். தலை நேராக, பின்னால் வளையவும் கூடாது, தாடை நெஞ்சில் முட்டவும் கூடாது. மாஸ்க் மூக்கையும் வாயையும் மூட வேண்டும், கண்ணில் ஏறக் கூடாது. நிறைமாதக் குழந்தைக்குச் சாதாரணக் காற்றே போதும். நெஞ்சு ஏறுகிறதா என்பதுதான் ஒரே கேள்வி. ஏறாவிட்டால் பெரும்பாலும் காரணம் மாஸ்க் ஓரத்தில் கசிவு அல்லது தலை சாய்ந்திருப்பது. சரி செய்துவிட்டு ஊதுங்கள். நெஞ்சே ஏறாமல் மார்பை அழுத்துவதில் பயனில்லை. வெந்நீரில் முக்குவது, தலைகீழாகப் பிடித்து அடிப்பது எல்லாம் நேரத்தைத் தின்னும் பழக்கங்கள்.

இதற்கான இடத்தை வலி தொடங்கியதுமே ஒதுக்கிவிட வேண்டும்: கடினமான மேசை, மேலே விளக்கு, சூடாக்கிய துண்டுகள், பொருத்திச் சோதித்த ஆம்பு பேக்.

தோள் சிக்கினால், தொப்புள்கொடி முன்னே வந்தால்?

தோள் சிக்குவது 200-ல் ஒன்றுக்குச் சற்று மேல். அவற்றில் கிட்டத்தட்ட பாதி 4 கிலோவுக்குக் கீழான குழந்தைகள், ஆகவே ஸ்கேன் எடையை வைத்துத் தப்பிக்க முடியாது. தலையை இழுக்கக் கூடாது, வயிற்றின் மேலிருந்து தள்ளவும் கூடாது. தாயின் இரு தொடைகளையும் வயிற்றோடு மடக்கிப் பிடித்து, பூப்பெலும்புக்குச் சற்று மேலே அழுத்தினால் பெரும்பாலும் விடுபடும். இல்லாவிட்டால் தாயைக் கை கால் ஊன்றித் திருப்பி, உள்ளே கைவிட்டுப் பின்கையை எடுப்பது. இது வீட்டிலும் மருத்துவமனையிலும் ஒரே வேலைதான், ஒத்திகை பார்த்த கை வேண்டும்.

கொடி முன்னே வருவது அரிது. வந்தால் வீட்டில் தீர்வு இல்லை. தாய் முழங்காலிட்டு நெஞ்சைத் தரையில் சாய்க்க, மருத்துவச்சி உள்ளே விரல் விட்டுக் குழந்தையின் தலையைக் கொடியிலிருந்து தள்ளிப் பிடித்தபடி அரங்கம் வரை போக வேண்டும்.

வலிக்கு என்ன தருவார்கள்?

வெந்நீர்க் குளியல், மசாஜ், நடமாட்டம், சில நாடுகளில் நைட்ரஸ் ஆக்சைடு வாயு. முதுகில் போடும் எபிடியூரல் ஊசி கிடையாது. தண்ணீர்த் தொட்டி என்றால் நீர் 37.5 டிகிரியைத் தாண்டக் கூடாது. மணிக்கு ஒரு முறை அளக்க வேண்டும்.

வீட்டை எப்படித் தயார் செய்வது?

அறை 25 டிகிரிக்குக் குறையாமல், மின்விசிறியும் காற்றோட்டக் குளிரும் குழந்தை மேல் படாமல். குளிர்ந்த குழந்தைக்கு மூச்சும் சர்க்கரையும் இரண்டுமே இறங்கும். மெத்தைக்கு நீர்புகா விரிப்பு, நிறையத் துண்டு, கைவிளக்கு, சார்ஜ் ஏற்றிய இரண்டு கைபேசி. ஸ்ட்ரெச்சர் திரும்ப இடமிருக்கும்படி வழியை ஒதுக்குங்கள். மருத்துவமனைப் பையும் பரிசோதனைத் தாள்களும் கதவருகே இருக்கட்டும்.

பிறந்த பிறகு எவ்வளவு நேரம் மருத்துவச்சி இருக்க வேண்டும்?

நஞ்சு விழுந்து குறைந்தது 2 மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை கர்ப்பப்பை கெட்டியாக இருக்கிறதா, இரத்தம் எவ்வளவு, நாடி எப்படி என்று பார்ப்பார். தொப்புள்கொடியை ஒரு நிமிடத்துக்கு முன் வெட்ட அவசரமில்லை. குழந்தை தாயின் மார்பில், தோலோடு தோலாக. ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். வைட்டமின் கே 1 மி.கி. தொடையில். தாய் சிறுநீர் கழித்த பிறகே மருத்துவச்சி கிளம்ப வேண்டும். தாய் ஆர்எச் நெகட்டிவ் என்றால் குழந்தையின் இரத்த வகை பார்த்து, தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி. மீண்டும் 24 மணி நேரத்துக்குள் ஒரு வருகை, இரண்டு மூன்று நாளில் ஒன்று, இரண்டாவது வாரத்துக்குள் ஒன்று.

அவர் போன பிறகு எதைப் பார்த்தால் உடனே அழைக்க வேண்டும்?

தாய்க்கு: மணிக்கு ஒரு பேட் நனைவது, பெரிய கட்டியாக விழுவது, காய்ச்சல், விடாத தலைவலி, கண் மங்குவது, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சு வாங்குவது.

குழந்தைக்கு: நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, முனகல், நெஞ்சு உள்வாங்குவது, உதடு நீலமாவது, பால் குடிக்க எழாமல் கிடப்பது, தொட்டால் குளிர்ச்சி அல்லது 37.5-க்கு மேல் சூடு, பச்சை வாந்தி, 24 மணி நேரத்தில் சிறுநீரே போகாதது. முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தட்டினால் அது சாதாரண மஞ்சள் காமாலை அல்ல. வெயிலில் காட்டிக் காத்திருக்காமல் அன்றைக்கே இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.